முதல் பின்பால் மெஷின் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாய்ந்த பலகையில் உருளும் எஃகுக் குண்டைத் துடுப்புகளால் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்தான் பின்பால். வீட்டுக்கு முதன்முதலாகப் பழைய பின்பால் மெஷின் வாங்குவோர் அதன் கண்ணாடிப் படத்தின் அழகில் மயங்க வேண்டாம். முதலில் அந்தப் படத்தின் பின்னால், பலகையின் பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 1990-களின் வில்லியம்ஸ், பாலி பிராண்டு மெஷின்களில், மெஷினை இயக்கும் மூளையான சிபியு போர்டிலேயே மூன்று பென்சில் பேட்டரிகள் இருக்கும். அவை கசிந்தால் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துவிடும். அந்தப் பச்சையைக் கண்டால் விலையே பேசாமல் திரும்பிவிடுவதுதான் நல்லது.

அடுத்து ஆட்டப் பலகை. பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா, விளக்குகளின் மேலுள்ள பிளாஸ்டிக் வில்லைகள் தூக்கி நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். 27 மி.மீ. எஃகுக் குண்டில் துருப்புள்ளி இருந்தால் அது உப்புத்தாள் போலப் பலகையைத் தேய்த்துவிடும். குண்டு மாற்ற அதிகம் செலவாகாது, பலகை அப்படியல்ல. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். முற்றத்துச் சாரல் எட்டும் கூடத்தில் மெஷினை வைக்கவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 115 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை நம் 230 வோல்ட்டுக்கு மாற்றாமல் பிளக்கைச் செருகாதீர்கள். எர்த் கட்டாயம். எடை 100 கிலோவுக்கு மேல். தூக்க நாலு பேர் வேண்டும். வைத்த பின் கால் திருகுகளைத் திருகிப் பலகைக்கு 6.5 டிகிரி சாய்வு கொடுங்கள். சாய்வு குறைந்தால் குண்டு மந்தமாக உருளும்.

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி