ஓடுதளம் வரட்டும், முதலில் காற்றை அளக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் சிறு விமானங்களுக்கு ஓர் ஓடுதளம் வேண்டும் என்று உங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நிலம், நிதி, சுற்றுலா எல்லாம் பேசியவர் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பந்தல் காற்றாலைகளில் 19 வருடம் மின்சாரக் காற்றாடிகளைப் பழுதுபார்த்தவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஒரே சீராக வீசும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சில விடியற்காலைகளில் காற்றாடிக் கோபுரத்தின் அடியில் நிற்பவர் கையால் மறைக்காமலே பீடி பற்றவைப்பார். அதே நேரம் மேலே ஏறி மூடியைத் திறந்தால், கையில் இருக்கும் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடிக்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று இன்னும் மோசம். சுருண்டு சுருண்டு திசை மாறும். இப்படிக் குறுகிய தூரத்துக்குள் காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவதைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள்.

விமானத்தைத் தூக்குவது இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம்தான், தரையில் சக்கரம் ஓடும் வேகம் இல்லை. நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் சுமார் 55 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) மூக்கைத் தூக்கும். எதிர்க்காற்று 15 நாட் இருந்தால் தரையில் 40 நாட் ஓடினாலே போதும். சரி, நூறடி ஏறியதும் அந்த எதிர்க்காற்று நின்றுவிட்டால்? அந்த 15 நாட் அப்படியே போய்விடும். வால்பக்கமிருந்து அடிக்கத் தொடங்கினால் இன்னும் குறையும். உடனே ஈடுகட்ட அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பலம் போதாது. சுதாரித்துக்கொள்ள உயரமும் இல்லை. தரை நெருங்குகிறதே என்று பதறி மூக்கை மேலும் தூக்கினால், இறக்கை தாங்கும் சக்தியையே இழந்துவிடும்.

பெரிய விமானமே தப்பாத கதை உண்டு. 1982 ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளம்பிய பான் ஆம் 759 என்ற பயணிகள் விமானம், இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்றில் சிக்கி, 150 அடிகூடத் தாண்டாமல் வீடுகள்மேல் விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 153 பேர் இறந்தார்கள். மூன்று ஜெட் எஞ்சின் இருந்தும் அந்தக் கதி.

என் அக்கா மகள் வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சி எடுக்கிறாள். ஒருநாள் ஓடுதளத்தில் காற்றின் திசையைக் காட்டும் துணிக் காற்றுப்பை தொங்கிப்போய்க் கிடந்ததாம். தூரத்தில் கருமேகம். "காற்றே இல்லையே, கிளம்பு" என்று உடனிருந்தவர் அவசரப்படுத்தியும் அவள் காத்திருந்தாள். பத்தே நிமிடத்தில் புழுதி பறந்து, பை ஒரு பக்கமாக விறைத்து நின்றது. ஒரு பை தான் இருக்கிற இடத்துக் காற்றைத்தான் காட்டும். பெரிய நிலையங்களில் ஓடுதளத்தைச் சுற்றிலும் காற்றுமானிகள், காற்றின் அசைவைத் தூரத்திலிருந்தே அளக்கும் டாப்ளர் ராடார் எல்லாம் வைக்கிறார்கள். சிறு ஓடுதளத்துக்குப் பெரும்பாலும் அந்தத் துணிப்பைதான் கதி.

ஒரு காற்றாடி நடுவதற்கே இங்கே முன்னதாகக் கம்பம் நட்டு மாதக்கணக்கில் காற்றை அளக்கிறார்கள். மனிதர்கள் ஏறிப் பறக்கப்போகும் இடத்துக்கு அதைவிடக் குறைவாகச் செய்யலாமா? தென்மேற்குப் பருவம், ஐப்பசி இடிமழை இரண்டும் அடங்க ஒரு முழு வருடம், ஓடுதளத்தின் இரு முனைகளிலும், பல உயரங்களில் அளக்க வேண்டும். சராசரி வேகம் மட்டும் போதாது, திடீர் வீச்சும் திசை மாற்றமும் பதிவாக வேண்டும். கணவாய் வாய்க்கு நேரே நிலம் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே வேண்டாம். இடம் பார்க்க யார் வந்தாலும், தயவுசெய்து ஆடி மாதத்தில் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றாலைத் தொழிலாளி,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்