ரவுட்டர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை லைன் கட்டாகிவிட்டது. கடைசியாகக் காதில் விழுந்தது, "ரவுட்டர் போயிடுச்சுப்பா, புதுசு வாங்கப்போறேன்" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல வழியில்லாமல் எழுதுகிறேன். இரண்டு நாள் பொறு. ரவுட்டருக்கு முன்னால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர்தான் பெரும்பாலும் போகும்.

போன வருடம் நம் வீட்டு ரவுட்டருக்கும் இதேதான். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் எல்லோரும் போனைக் கையில் எடுத்ததும் தானாக அணைந்து எரியும். அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், 12 வோல்ட் சரியாக இருந்தது. ரவுட்டர்தான் கெட்டுவிட்டது என்று நானும் முடிவு கட்டினேன். மனசு கேட்கவில்லை. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அளந்தேன். எல்லா போனிலும் வீடியோ ஓடவிட்டதும் முள் 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது, ரவுட்டரின் லைட்டெல்லாம் ஒரு நொடி அணைந்து மறுபடி வந்தது. அடாப்டருக்குள் கரண்டைச் சீராக வைக்கும் கெபாசிட்டர் என்ற பாகம் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோகும். சும்மா இருக்கும்போது முழு வோல்ட் காட்டும், சுமை ஏறினால் தாங்காது.

உன்னிடம் மீட்டர் இல்லை, பரவாயில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போ. 'அப்டைம்' என்று ஒரு வரி இருக்கும், கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அர்த்தம். அடுத்த தடவை நெட் போனதும் அதைப் பார். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் ரவுட்டரே அணைந்து எரிந்திருக்கிறது: அடாப்டர், லூசான சொருகு முனை, பிளக் பாயிண்ட், இந்த வரிசையில் தேடு. பெட்டியைத் தொட்டும் பார். வெதுவெதுப்பு சகஜம், கை வைக்க முடியாத சூடு ஆகாது. வேறு எந்தப் பெட்டிக்கு மேலேயும் அதை அடுக்கி வைக்காதே. அப்டைம் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் பவரில் குறையில்லை, வெளியிலிருந்து வரும் லைனைக் கவனி.

அடாப்டர் மாற்றுவதாக இருந்தால் பழையதன் லேபிளைப் படித்துவிட்டு மாற்று. வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் இருந்த இடத்தில் 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் சொருகினால் ரவுட்டரே கருகலாம். சொருகு முனையின் அளவும், பிளஸ் நடுவிலா வெளியிலா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும்.

லேப்டாப்புக்குப் போகும் கேபிள் மெதுவாக இருக்கிறது என்றாயே, அது வேறு கதை. அதற்குள் எட்டுக் கம்பிகள். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று உள்ளே அறுந்தால் நெட் நிற்காது, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வேகம் எப்போது பார்த்தாலும் 90 சொச்சத்திலேயே நின்றால் வேறு கேபிள் போட்டுப் பார்.

ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' லைட், அதாவது சிக்னல் வரவில்லை என்று காட்டும் லைட், சிவப்பாக எரிந்தால் உன் கையில் ஒன்றும் இல்லை. கம்பெனிக்குச் சொல். அந்த மெல்லிய ஒயரை மடக்காதே, கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே கொண்டு போகவும் வேண்டாம்.

அப்புறம், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஊசித் துளைக்குள் எதையும் குத்தாதே. ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்தினால் கனெக்‌ஷனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு நாள் ஓடவிடு. அடாப்டரையும் கேபிளையும் சேர்த்து மாற்றி சரியாகிவிட்டால், எது கெட்டது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்டைம் வரியையும் அடாப்டர் லேபிளையும் போட்டோ எடுத்து மொபைல் டேட்டாவில் அனுப்பு. இன்று ராத்திரி முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா