குடும்பிமலைக்குக் கூடாரத்தோடு வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு

அன்பான தம்பி, தங்கச்சிமாரே,

மட்டக்களப்பு டவுனிலிருந்தும் ஏறாவூர், காத்தான்குடி, கல்முனைப் பக்கங்களிலிருந்தும் வந்து, கிரானில் பைக்கை நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு மேற்கே திரும்புகிற உங்களுக்குத்தான் இந்த மடல். வராதீர்கள் என்று சொல்ல எழுதவில்லை. 2007 ஜூலையில் இராணுவம் புலிகளிடமிருந்து பிடித்த காலத்தில் பலருக்குக் குடும்பிமலை வானொலிச் செய்தியில் கேட்ட ஒரு பெயர் மட்டுந்தான். இன்று நீங்கள் அதில் ஏறி நின்று படம் எடுக்கிறீர்கள். எடுங்கள்.

ஆனால் ஆளில்லாத காட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்போடு வருகிறீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயல்களைக் காப்பாற்ற எங்கள் ஆட்கள் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் திரும்ப இறக்குவார்கள். மழை விட்டு மலையடி பச்சையாகக் கிடக்கும் தை, மாசியில் நீங்கள் வரும்போது, அங்கே மாடு அடைக்கிற பட்டியும் இருக்கும், காவல் குடிசையான வாடியில் ஆளும் இருக்கும். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் குந்திப் போராடியது இந்த மேய்ச்சல் தரைக்காகத்தான். அந்தப் படங்களை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள்.

சரி, மாட்டுக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம்? சோற்றுப் பார்சல். பொலித்தீனில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் மாடு அதை விடாது, பேக்கோடு சேர்த்து விழுங்கிவிடும். அது வயிற்றில் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அசைபோடுவது நின்றுவிடும், தீன் எடுக்காது, வயிறு ஊதும். அந்தக் காட்டுக்குள் மிருக வைத்தியரை எங்கே போய்த் தேடுவது? பால் கறக்கிற ஒரு பசு போனால் ஒரு வீட்டு அடுப்பே தடுமாறும். சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017இலேயே தடை செய்தார்கள். தடை தாளில் கிடக்கிறது, சீற் காட்டில் கிடக்கிறது. புதைத்துவிட்டோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பன்றி இரவோடு இரவாகக் கிளறி எடுத்துவிடும். வாழையிலையில் கட்டி வாருங்கள். மிஞ்சுகிற போத்தல், பேக் எல்லாம் வந்த பைக்கிலேயே திரும்பட்டும்.

அடுத்தது தண்ணீர். குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் கூடாரம் அடித்தால் படம் அழகாக வரும், ஒத்துக்கொள்கிறேன். பொழுதுபடும் நேரத்தில் ஆனையும் அங்கேதான் இறங்கும். நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கரையில் இருந்தால் அது குடிக்காமல் திரும்பி, பட்டிப் பக்கமோ வயல் பக்கமோ போகும். நீங்கள் காலையில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அதன் பிறகு ஆனையை விரட்டுகிற ஆனைவெடியோடு முழித்திருப்பது வேறு ஆட்கள். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, மனிதர்களும் நூற்றுக்கு மேல். கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, வாடிக்காரர் காட்டுகிற இடத்தில் அடியுங்கள். எந்தத் தடத்தில் ஆனை வரும் என்று அவருக்குத்தான் தெரியும், கூகுள் வரைபடத்துக்குத் தெரியாது.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நெருப்பே வேண்டாம். புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி போதும், மாடு மேய வேண்டிய தரை கரியாகிவிடும். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடியும் மரத்தடிக்கு வரும், அதையும் மனதில் வையுங்கள். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம். ஆகவே வன அலுவலகத்தில் முதலே கேட்டுவிட்டு வருவது உங்களுக்கும் நல்லது. மாவட்டத்தில் கண்ணிவெடி இல்லை என்று 2017இல் அறிவித்தார்கள்தான், இருந்தாலும் மண்ணில் துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் கை வைக்காதீர்கள்.

மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும், படகுதான் ஓடும். அந்த நாட்களில் சாகசம் என்று பைக்கை இறக்காதீர்கள். உங்களைத் தேடிவரும் படகு நோயாளியை ஏற்ற வேண்டிய படகு.

ஒரேயொரு வேண்டுகோள். கூடாரம் அடிக்கும் முன் பக்கத்து வாடிக்குப் போங்கள். எத்தனை பேர், எப்போது இறங்குவீர்கள் என்று சொல்லிவிட்டு, வழிகாட்ட ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். திரும்பும்போது தயிர் வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள், விலை டவுனைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கிரானிலிருந்து ஒரு பட்டிக்காரரின் மகன்