செயலாளர் ஆண்டறிக்கை: பழைய தபால்தலை ஆல்பத்துக்கு என்ன கிடைக்கும்?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தடைப்பட்டவை போக, மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பள்ளி மாணவர் கண்காட்சி தேர்வு நேரத்தில் வந்துவிட்டதால் தள்ளிப்போயிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இந்த ஆண்டு கும்பகோணத்தில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை முகாம் பற்றித்தான். வீட்டில் கிடக்கும் தபால்தலைகளைப் பொதுமக்கள் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவித்தோம். எதிர்பார்த்ததைவிட நல்ல கூட்டம்.

எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சார், இது என்ன விலைக்குப் போகும்?" தாத்தா சேர்த்தது என்றாலே பணம் என்று நம்பி வருகிறார்கள். எத்தனை அச்சடித்தார்கள், எத்தனை பழுதில்லாமல் மிஞ்சின, தேடி வாங்க ஆள் உண்டா என்பதை வைத்துத்தான் விலை, வயது அப்புறம்தான். 1961இல் வந்த தியாகராஜர் தபால்தலையும் 1962இல் வந்த ராமானுஜன் தபால்தலையும் நம் பக்கத்துப் பெருமை. ஆனால் முத்திரை விழுந்த பிரதிகள் தாராளமாகக் கிடைப்பதால் ஒரு டீக்காசு தேறினாலே அதிகம். 1971இல் வங்கதேச அகதிகள் நிவாரணத்துக்காகக் கட்டாயமாக ஒட்டச் சொன்ன 5 காசுத் தலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அஜ்மான், ஷார்ஜா, புஜைரா என்று வளைகுடா அமீரகங்களின் பெயர் போட்ட பளபளப்பான பெரிய தலைகளில் பெரும்பாலானவை சேகரிப்பவர்களிடம் விற்பதற்கென்றே அச்சானவை. முத்திரை இருக்கும், பின்பக்கம் பசை அப்படியே இருக்கும், அதாவது தபாலில் போகவே இல்லை. பையன்களுக்குக் கொடுத்துவிடலாம்.

காந்தி தபால்தலைக்குக் கோடிக்கணக்கில் விலை என்ற செய்தியும் பலரை அழைத்துவந்தது. செய்தி பொய்யல்ல. 2017இல் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஆனால் அது 1948இல் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென்று 'சர்வீஸ்' என மேலச்சிட்டு, அதாவது அச்சான தலையின் மேல் மறுபடி அச்சிட்டு, கொடுத்த 10 ரூபாய்த் தலை. நம் முகாமுக்கு வந்தது அதே வரிசையின் ஒன்றரை அணா. மேலச்சு இல்லாத 10 ரூபாய்த் தலைக்கும் நல்ல விலை உண்டு. அதனாலேயே போலிகளும் நிறைய. விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

தரங்கம்பாடியின் டேனிஷ் தபால்தலை இருக்கிறதா என்று ஒரு நண்பர் தேடி வந்தார். டேனிஷ்காரர்கள் 1845லேயே ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். டென்மார்க்கின் முதல் தபால்தலையே 1851இல்தான் வந்தது. யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, உருப்படியாக எதுவும் வரவில்லையா என்றால், வந்தது, ஆல்பத்தில் அல்ல. காரைக்காலிலிருந்து ஒரு அம்மா நூல் கட்டிய கடிதக் கட்டு ஒன்றைத் தயங்கித் தயங்கி எடுத்தார். பிரெஞ்சிந்தியத் தலை, அங்கே அப்போது ஓடிய ஃபனோன்-காஷ் நாணயக் கணக்கில் விலை, மேலே காரைக்கால் முத்திரை, உறை முழுசாக. 1954 நவம்பர் 1இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியதற்கு முந்தைய கடிதங்கள். உறையோடு இருந்தால்தான் எங்கிருந்து, என்றைக்கு, எவ்வளவு கட்டணத்தில், எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் தெரியும். போர்க்காலக் கடிதமென்றால் தணிக்கைச் சீட்டும் ஒட்டியிருக்கும். இதற்கு நேர்மாறாக, பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்த குடும்பக் கடிதங்களின் தலைகளை மட்டும் ஓரத்துப் பற்களும் வெட்டுப்படும்படி கத்தரித்து, உறைகளைப் போகிக்குக் கொளுத்திவிட்ட வீட்டாரும் வந்தார்கள். அவர்கள் டப்பாவில் 2602 என்று மேலச்சிட்ட மலாயாத் தலைகளும் கிடந்தன. ஜப்பான் பிடித்துவைத்திருந்த காலத்தவை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 என்றால் நமக்கு 1942. கத்தரித்ததில் ஓரம் போய்விட்டது. பார்த்த எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது.

நம் டெல்டா ஈரத்தில் பசைத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் மேல்தட்டில் வைக்கச் சொல்லி அனுப்பினோம். லேமினேஷன் செய்து கொண்டுவந்தவருக்கு மட்டும் சொல்ல ஒன்றுமில்லை, அதை இனிக் காப்பாற்ற வழியில்லை.

இனி ஒரு சங்கடமான விஷயம். விலை சொன்ன உறுப்பினரே அதே மேசையில் பேரம் பேசி வாங்கியதாகப் புகார் வந்தது. தப்பான எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் விலை தெரியாமல் வருகிறவரிடம் மதிப்புச் சொல்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருப்பது முறையல்ல. முகாம் நாளில் எந்த உறுப்பினரும் வாங்கக் கூடாது, விற்க விரும்புவோருக்குக் குறைந்தது இரண்டு வெளி வியாபாரிகளிடம் விலை கேட்கச் சொல்ல வேண்டும் என்று குழு தீர்மானம் கொண்டுவருகிறது. மதிப்புச் சொல்லக் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை.

தீர்மானம் தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்புக்கு வரும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் பொருளாளரிடம் கட்டிவிட்டால் வாக்களிக்கலாம்.

செயலாளர்