கூத்துக் காலத்தில் ஒரு கடிதம்

செய்யாறு

அன்புள்ள நண்பனுக்கு,

கோவையில் நீ பார்த்த நாடகங்களைப் பற்றி எழுதிவிட்டு, நம் பக்கத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். பங்குனி பிறந்ததிலிருந்து இங்கே தெருக்கூத்துக்குக் குறைவில்லை. இது ஆடி வரை நீளும். ஆனால் நம் வட்டாரத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. 2025 சனவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் நம் பக்கத்துப் புரிசை ஊரின் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனின் பெயர் இருந்ததை நீயும் படித்திருப்பாய். அதே பட்டியலில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் இருந்தார். தெருக்கூத்தும் பறையும் ஒரே ஆண்டில் தேசிய விருது பெற்றது இந்தக் கலைகளோடு வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பந்தனின் தந்தை கண்ணப்பத் தம்பிரான் தன் வாழ்நாள் முழுவதையும் கூத்துக்கே கொடுத்தவர், சென்னையில் ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்களுக்கு நம் கூத்தின் அடவையும் (ஆட்ட முறையையும்) பாட்டையும் கொண்டு சேர்த்தவர். அவர் 2003-இல் மறைந்தபின், அவருடைய நினைவாகப் புரிசையில் நடக்கும் நாடக விழாவில் கூத்தும் நவீன நாடகமும் ஒரே களத்தில் நடக்கின்றன.

விருதுச் செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஆனால் அந்த விருதுக்குக் காரணமான கலை எந்த ஊரில், எந்த இரவில் நடக்கிறது என்பதை எந்த நாளிதழும் எழுதுவதில்லை. மார்கழி பிறந்தால் சென்னைச் சபாக்களில் யார் எத்தனை மணிக்குப் பாடுகிறார், பக்கவாத்தியம் யார் என்பதுவரை பக்கம் பக்கமாக அச்சிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அப்படித்தான் அச்சிட வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் கூத்துகளுக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு கிடைக்கக்கூடாதா என்பதே என் கேள்வி.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கதையை நாள்தோறும் நடத்தித் தீமிதியோடு முடிக்கும் அக்னி வசந்த விழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரின் நாள்கணக்கே மாறிவிடுகிறது. பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாட்டைச் சொல்லி, பொருள் விரித்து, கேட்பவர் பேச்சுவழக்கிலேயே கதையை நடத்திச் செல்கிறார் பிரசங்கியார். இரவில் அதே கதை கூத்தாகிறது. பகாசுரன் கதையன்று பீமன் வண்டியில் சோற்றோடு தெருத்தெருவாக வருகிறான். அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் பாடிக்கொண்டே உயர்ந்த பனைமரக் கம்பத்தில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் எறிகிறார். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருக்கிறார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனின் தொடையில் பீமன் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அந்த மண்ணைச் சனங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். மாலையில் தீமிதி. கோயிலும் வயலும் தெருவும் ஆடுகளமாகும் இந்த ஏற்பாட்டை எந்த நகரத்து அரங்கிலும் அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது.

கர்ணனின் முடிவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கோயில் விழாவோடு நிற்பதில்லை. நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் கருமாதி இரவில் அந்தக் கூத்தை வைப்பது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. போருக்குப் புறப்படும்முன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்பு தெரியாதவன் என்று இத்தனைக் காலம் தன்னை ஒதுக்கி வைத்தவளிடம் தான் குந்தியின் மகன் என்பதைச் சொல்கிறான். துக்கத்தில் இருக்கும் வீட்டார் அதைக் கேட்டு வாய்விட்டு அழுகிறார்கள். தங்கள் வீட்டுச் சாவுக்கு அழ முடியாமல் நின்றவர்களுக்கும் அந்த நேரத்தில் கண்ணீர் வருகிறது. பிறப்பை வைத்து மனிதனை அளப்பதைப் பற்றி இவ்வளவு நேரடியாக, இவ்வளவு அருகில் நின்று பேசும் மேடை நமக்கு வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது மேடைகளுக்காக இரண்டு மணிநேரத்துக்குள் சுருக்கிய கூத்துகள் அதிகம் நடக்கின்றன. 2023 முதல் பொங்கலை ஒட்டி மீண்டும் நடக்கும் சென்னை சங்கமம் கலைவிழாவால் கிராமத்துக் கலைஞர்களுக்கு நகரத்தில் களமும் வருமானமும் கிடைக்கின்றன. அது தொடர வேண்டும். ஆனால் சுருக்கும்போது முதலில் குறைவது, கதையை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியக்காரனின் பேச்சாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. விதை விலை, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சாலை போடாமல் கிடப்பது, பஞ்சாயத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எல்லாவற்றையும் அரசனுக்கு முன்னாலேயே எடுத்துப் போடுகிறவன் அவன். செய்தித்தாள் வராத காலத்திலும் ஊர்ச்செய்தியை ஊருக்கே சொன்னவன். இரவு பத்து மணிக்குத் தாளமும் பாட்டுமாகக் களரி கட்டிக் கூத்தைத் தொடங்கி, திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, வேடம் ஒவ்வொன்றாக வெளிப்படும் அந்த நிதானம் இருந்தால்தான் அவனுக்கும் பேச இடம் கிடைக்கும்.

கலைஞர்களின் நிலையையும் கேட்டிருந்தாய். 2020-லும் 2021-லும் ஊரடங்கு சரியாகக் கூத்துக் காலத்தில் விழுந்தது. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை இந்தச் சில மாதங்களிலேயே தேடிக்கொள்ள வேண்டியவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதை நாம் நேரில் பார்த்தோம். இப்போது அச்சாரம் கொடுக்க ஊரார் மறுபடியும் வருகிறார்கள். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டி, தோளில் அணியும் புஜக்கட்டையும் கிரீடமும் செய்யும் வேலையும் நடக்கிறது. பெண் வேடத்தை ஆண்களே கட்டிவந்த இந்தக் கலையில், காஞ்சிபுரத்தை அடுத்து பெ.இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் சிறுமிகளுக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்தது. நம் தலைமுறையில் நடந்த நல்ல மாற்றங்களில் இதை முன்னால் வைப்பேன்.

வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் முழு இரவுக் கூத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்பது எனக்கும் நிறைவுதான். ஆனாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் வேடக்காரர் பாட்டை நீட்டுகிறார், குறைக்கிறார். ஆள் இல்லாத களத்தில் அது நடக்காது. ஆகவே நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஊர்தோறும் அடிக்கும் விழா நோட்டீசுகளைச் சேகரித்து, ஊர், நாள், கதை, கூத்தாடும் மன்றத்தின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டுத் தேநீர்க் கடையிலும் நூலகத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டப்போகிறோம். நாளிதழ்களின் உள்ளூர் நிருபர்களுக்கும் அதையே கொடுக்க எண்ணம். நீ அச்சுத்தொழிலில் இருந்தவன். தாளின் அளவையும் எழுத்தையும் பற்றி உன் யோசனையை எழுது.

வைகாசியில் விடுப்புக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே, எந்த வாரம் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவி. அந்த வாரத்தில் எங்கெல்லாம் கூத்து என்று விசாரித்து வைக்கிறேன். பிள்ளைகளையும் அழைத்து வா. பாதியில் தூங்கிவிட்டால் பாயும் போர்வையும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்