இந்த முறை விட்லரைத் தேர்ந்தெடுங்கள்: ஆண்டுக் கத்திக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கத்தி சேகரிப்போர் சங்கத்தின் ஆண்டுக் கத்தித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

அடுத்த ஆண்டின் நினைவுக் கத்திக்காக மூன்று வரைவுகளை உறுப்பினர்கள் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். முதலாவது, மான்கொம்புப் பிடி போட்ட டிராப்பர்; அலகு நீளத்துக்கும் தங்க நிறத்தில் சங்கத்தின் முத்திரை, கூடவே வெல்வெட் விரித்த மரப்பெட்டி. இரண்டாவது, ஒற்றை அலகுள்ள பார்லோ. மூன்றாவது, எலும்புப் பிடி போட்ட மூன்றலகு விட்லர். பேச்சு போகிற போக்கைப் பார்த்தால் டிராப்பர்தான் ஜெயிக்கும் போலிருக்கிறது. விட்லரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்புக்கு முன்னால் அதற்காக யாராவது வாதாட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இதைத் தமிழில் படிக்கப்போகிற நண்பர்கள் பலருக்கு இந்த மடக்குக் கத்திகளின் பெயர்களே புதிது. அதனால் குழுவினருக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களையும் சில இடங்களில் விளக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: சங்கத்தின் பெயரில் ஒரு கத்தி வருவதாக இருந்தால், அது சங்கம் கேட்டால் மட்டுமே செய்யப்படுகிற கத்தியாக இருக்க வேண்டும்.

டிராப்பர் மோசமான கத்தி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பக்கம் கீல் வைத்த இரண்டு நீண்ட அலகுகள், ஒன்று வேலைக்கு, ஒன்று தோல் உரிக்க. ஆனால் அது இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கிற கேஸ் கத்தி நிறுவனத்தின் எண் முறை உங்களுக்கு மனப்பாடம். முதல் இலக்கம் பிடியைச் சொல்லும்: 6 என்றால் செதுக்கிய எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. அடுத்தது அலகுகளின் எண்ணிக்கை, மீதி மாதிரியின் எண். 6254 என்றால் எலும்புப் பிடி டிராப்பர், 5254 என்றால் மான்கொம்பு டிராப்பர். நாம் இப்போது ஆசைப்படுகிற கத்திக்கு எண் முதற்கொண்டு ஏற்கெனவே இருக்கிறது! நம் முத்திரையை எடுத்துவிட்டால் அதில் நம்முடையது என்று என்ன மிஞ்சும்?

பார்லோவை நான் மனதார நேசிக்கிறேன். பிடியின் முனையில் போல்ஸ்டர் என்கிற நீளமான உலோகக் கவசம், ஒரே அலகு, அதை இறுக்கிப் பிடிக்க முதுகில் ஒரே ஸ்பிரிங், இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கடல் தாண்டி வந்து அமெரிக்கச் சிறுவர்களின் கால்சட்டைப் பையில் குடியேறிய கத்தி. அதையும் பல தொழிற்சாலைகள் வருஷம் தவறாமல் செய்கின்றன. இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

விட்லர் கதை வேறு. அதில் அலகுகள் மூன்று, ஸ்பிரிங் இரண்டே இரண்டு. ஒரு முனையில் பெரிய அலகு. எதிர்முனையில் இரண்டு சின்ன அலகுகள் அடுத்தடுத்து. சின்னவை இரண்டும் ஆளுக்கொரு ஸ்பிரிங்கின் மேல் இயங்குகின்றன. பெரிய அலகு மட்டும் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒருசேர அழுத்திக்கொண்டு எழுகிறது. அதனால் அதன் அடிப்பகுதி, டாங் என்கிறோமே, அது நல்ல தடிமனாக இருக்கும். சின்ன அலகுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு போல ஒரு தகடு. சின்ன அலகுகள் இருக்கும் பக்கம் அது தடிப்பாக இருந்து, பெரிய அலகை நோக்கிப் போகப்போக மெலிந்து, பாதி வழியிலேயே முடிந்துவிடும். கத்தியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பிரிங் இரண்டும் ஒரு முனையில் ஒட்டி நின்று, மறுமுனையில் பிரிந்து போவது தெரியும். பழைய கத்திகளில் அந்தக் கோட்டைப் பார்த்தே செய்தவர் கையை எடை போட்டுவிடலாம்.

இதைப் பொருத்துவது ஏன் கஷ்டம் என்றால், பெரிய அலகைத் தாங்குகிற இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே விசையோடு, ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். அலகு மூடியிருக்கும்போது, பாதி திறந்திருக்கும்போது, முழுக்கத் திறந்திருக்கும்போது என மூன்று நிலையிலும் முதுகின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் தட்டக் கூடாது. ஒரு ஸ்பிரிங் மயிரிழை உயர்ந்தால் அதை அரத்தால் இழைக்க வேண்டும். இழைத்தால் அதன்மேல் இயங்குகிற சின்ன அலகின் நிலை மாறும், பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஒற்றை அலகு பார்லோவில் இந்தச் சங்கிலியே கிடையாது. விட்லரில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும். மாதிரி வரைந்து இயந்திரத்தில் வெட்டிவிட்டால் மட்டும் ஆகிற வேலையில்லை இது. கடைசிப் பொருத்தத்தை ஒருவர் மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியாகக் கையில் வாங்கித்தான் முடிக்க வேண்டும்.

கத்திக் கண்காட்சிகளில் பழைய விட்லர் ஒன்றைத் திறந்து பார்க்கிற சந்தர்ப்பம் குழுவில் எல்லோருக்குமே வாய்த்திருக்கும். பெரிய அலகின் நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் முதலில் கனமான ஓர் எதிர்ப்பு, அப்புறம் கடைசி அரை அங்குலத்தில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே சமயத்தில் விழுகிற ‘டக்’. சேகரிப்பவர்கள் ‘வாக் அண்ட் டாக்’ என்று சொல்லி மகிழ்கிற சங்கதி. இரண்டும் ஒரே நொடியில் விழவில்லை என்றால் காதே சொல்லிவிடும். பெரிய அலகைத் திறந்த கையோடு சின்ன அலகு ஒன்றைத் திறந்தால் அது எவ்வளவு இலேசாக எழுகிறது! பெரிய அலகால் கட்டையைத் தோராயமாகச் சீவி எடுத்து, சின்னதைக் கொண்டு பறவையின் கண்ணையும் இறகுக் கோட்டையும் செதுக்கலாம். மரம் செதுக்குகிறவருக்காகவே யோசித்துச் செய்த கத்தி என்பது பயன்படுத்தினால் புரியும்.

சரி, இவ்வளவு நல்ல கத்தி என்றால் தொழிற்சாலைகள் ஏன் நிறையச் செய்வதில்லை? நேரம் பிடிக்கிறது, கை வேலை அதிகம், விலை ஏறுகிறது. கடைக்காரர் டிராப்பரைத்தான் கேட்கிறார். எத்தனை விற்கும் என்று தெரியாமல் ஒரு விட்லரை ஆரம்பிக்க எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. அந்தத் தைரியத்தைக் கொடுக்கக்கூடியவர்கள் நம்மைப் போன்ற சங்கங்கள்தான். உறுப்பினர்கள் முன்பணம் கட்டுகிறார்கள், எண்ணிக்கை முன்கூட்டியே தெரிகிறது, ஒரு கத்திகூடத் தேங்காது. 1970இல் அமெரிக்கக் கத்தி வணிகர் ஏ.ஜி. ரசல் தன் சேகரிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். டென்னசியின் சட்டனூகாவை மையமாகக் கொண்ட தேசியக் கத்தி சேகரிப்போர் சங்கமும் அதே பத்தாண்டில்தான் ஆண்டுக்கொரு கத்தி வெளியிட ஆரம்பித்தது. அப்போதிருந்தே சங்கக் கத்தி என்ற ஏற்பாட்டின் பலம் இந்த முன்பணத்தில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கடையில் கிடைக்கிற பொருளுக்கே செலவழித்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் இதைவிடப் பெரிது. நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில்லில் இருந்த ஷ்ரேட் கத்தித் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. அதே மாநிலத்தில் இயங்கிவந்த கமில்லஸ் 2007இல் மூடப்பட்டது. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் குவீன் 2018இல் மூடப்பட்டது. கட்டடத்தையும் இயந்திரத்தையும் யாராவது ஏலத்தில் எடுப்பார்கள். ஸ்பிரிங்கை எங்கே எத்தனை முறை இழைக்க வேண்டும் என்று விரலால் அறிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த அறிவு ஏலத்துக்கு வராது. அதே டைட்டஸ்வில்லில், 1859இல் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பேர் வாங்கிய அந்தச் சின்ன ஊரில், 2006இல் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி தொடங்கிப் பழைய முறையிலேயே மடக்குக் கத்திகள் செய்துவருகிறது. சங்கங்களுக்கும் செய்து கொடுக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இளம் தொழிலாளி ஒருவர் விட்லர் பொருத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவர் மேசைக்கு விட்லர் வேலை வர வேண்டும். வேலை வராத கை எப்படிப் பழகும்?

இனி பிடி. டிராப்பர் வரைவில் ‘மான்கொம்பு’ என்று போட்டிருக்கிறீர்கள், எந்த மான் என்று போடவில்லை. கத்தி உலகத்தில் பெரும் மதிப்புள்ள கொம்பு நம் ஊர்க் கடமானுடையது. முதுமலைக் காட்டுச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தெற்கே மிளா என்று சொல்வோமே, அதே விலங்கு. ஆண்டுதோறும் தானாக உதிர்கிற அந்தக் கொம்பு நடுவில் கெட்டியாகவும் வெளியே நல்ல சொரசொரப்போடும் இருக்கும். அதனால் ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனியின் சோலிங்கனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. 1990களின் இறுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. துண்டு போட்ட பிறகு உதிர்ந்த கொம்பு எது, வேட்டையாடி எடுத்த கொம்பு எது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் அந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இன்று சந்தையில் ‘பழைய இருப்பு’ என்று விற்கிற துண்டுகளில் எது உண்மையிலேயே பழையது என்று குழுவால் உறுதி தர முடியுமா? முடியாது என்றால் சங்கத்தின் பெயர் அதன்மேல் இருக்கக் கூடாது. மாட்டின் கால் எலும்பைச் செதுக்கிச் சாயம் ஏற்றிய பிடிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கைப்பிடிப்பும் நன்றாக இருக்கும், வருஷங்கள் போகப்போக நிறமும் கனிந்து வரும்.

எஃகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1095 என்ற வகைக் கார்பன் எஃகு போதும். துருப் பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் பயன்படுத்தியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி.

அலகில் தங்க எழுத்து வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பழம் நறுக்கினால் கார்பன் எஃகு சாம்பல் நீலமாக நிறம் மாறும், கல்லில் தீட்டினால் எழுத்தின் ஓரம் தேயும். எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே உறுப்பினர் கத்தியைப் பெட்டியை விட்டு எடுக்க மாட்டார். ஆண்டைக் குறிக்க எழுத்தே தேவையில்லை. 1970இல் கேஸ் நிறுவனம் டாங்கில் பத்துப் புள்ளிகள் குத்தி, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் புள்ளிகளை எண்ணியே கத்தியின் வயதைச் சொல்கிறோம். நமக்கும் டாங்கின் பின்பக்கம் ஆண்டும் வரிசை எண்ணும் போதும். பிடியில் ஷீல்டு என்கிற ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் சங்கத்தின் அடையாளம், அவ்வளவுதான்.

ஆடம்பரமாகச் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822இல் ஓர் ஆண்டுக் கத்தி செய்தது. கி.பி. ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்ற கணக்கில் 1822 அலகுகள்! அதைப் பார்க்கிற எவரும் வாயைப் பிளந்துதான் நிற்பார்கள். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு அலகும் கத்திக்காரர் தன் திறமையைக் காட்டிய இடம். தங்கப் பூச்சில் அப்படி எந்தத் திறமையும் தெரிவதில்லை. காட்சிக்கு வைக்கிற கத்திதான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் விட்லரின் முதுகில் பார்க்க நிறைய இருக்கிறது.

விலையைப் பற்றிய கவலை நியாயமானது. விட்லர் பார்லோவைவிட நிச்சயமாக விலை கூடும். ஆனால் மரப்பெட்டி, வெல்வெட், தங்க எழுத்து, மான்கொம்பு இவற்றுக்குப் போகிற பணத்தை நீக்கிவிட்டு டிராப்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் உறுப்பினர்கள் முன் வைத்தால் அவர்களே முடிவு செய்வார்கள். பையில் தடிக்கும் என்பது இரண்டாவது குறை. ஸ்பிரிங் இரண்டே இருப்பதாலும் ஆப்பு பாதி வழியில் முடிந்துவிடுவதாலும், மூன்று அலகுக்கு மூன்று ஸ்பிரிங் வைத்த கத்தியைவிட இது ஒல்லிதான்.

காலம் போதாது என்பது உண்மையான தடை. அதற்கு நான் சொல்லும் வழி சிலருக்குப் பிடிக்காது: தொழிற்சாலை இன்னும் ஆறு மாதம் கேட்டால் கொடுங்கள். டாங்கில் இருக்கிற ஆண்டும் தபாலில் வருகிற ஆண்டும் வேறாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. முன்பணம் கட்டியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். தேதிக்காக அவசரப்படுத்தி, ஸ்பிரிங் மட்டம் பிசகிய விட்லர் வந்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள். வாக்குச்சீட்டு அனுப்புவதற்கு முன் தொழிற்சாலையிடம் ஒரு மாதிரி விட்லர் கேட்டு வாங்கி, அடுத்த கூட்டத்தில் கைக்குக் கை சுற்றுக்கு விடுங்கள். படத்தில் மூன்று கத்தியும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும், திறந்து மூடினால்தான் வித்தியாசம் தெரியும். கட்டிய முன்பணத்தின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு கத்திகூடச் செய்யச் சொல்லாதீர்கள். அப்புறம், வரைவில் சின்ன அலகுகளில் ஒன்றை நகம் தேய்க்கிற அரமாகப் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, விளிம்பு நேராகவும் முனை சாய்வாகவும் இருக்கிற கோப்பிங் அலகைப் போடச் சொல்லுங்கள். மரம் செதுக்குகிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

அன்புடன்,
உங்கள் சக உறுப்பினர் ஒருவர்