அரிசிப் பானைக்குள் சத்து மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கர்ப்பிணிகளின் ரத்தசோகை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சரியாகச் சொல்லிவிட்டு, கீரை, பேரீச்சை, மாதுளை சாப்பிடச் சொல்லி முடித்துவிட்டீர்கள். முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக நடந்தவள் என்பதால் எழுதத் தோன்றியது.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 8.2 கிராம். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் கடுமையானது. மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போகிறாள், ரத்தம் ஏறவே இல்லை. சரி, நேரில் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போனேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து சிவப்பு மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "இதத் தின்னா புள்ள பெருத்துடும், அப்புறம் ஆபரேசன்தான்னு அத்தை சொல்றாங்க சிஸ்டர்."

பக்கத்துத் தெருவில் வேறு பயம்: பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாம். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது உண்மை. அதைப் பார்த்து வந்த பயமோ என்னவோ.

அந்த அத்தையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பிள்ளை பெற்றவர். பெரிய தலை மாட்டிக்கொண்டு தாயும் பிள்ளையும் போனதைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் இரும்புச்சத்து பிள்ளையைக் கொழுக்க வைப்பதில்லை. தாயின் ரத்தம் சுமக்கும் பிராணவாயுதான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அது போதாவிட்டால் வளர்ச்சி குன்றும், குறைமாதத்திலும் பிறக்கலாம். பிள்ளை நன்றாக எடை போடுவதும், பிறந்த பிறகு முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்பைச் சேர்த்துக்கொள்வதும் கடைசி மூன்று மாதத்தில்தான். ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் சாதாரண உதிரப்போக்குகூடத் தாங்காது. எந்த ஆபத்துக்குப் பயந்தாரோ அதை அத்தையே வீட்டுக்குள் கூப்பிடுகிறார்.

அந்தப் பெண்ணுக்கு ஐயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து ஊசி ஏற்றி, ஒருவழியாக ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டது. குழந்தை 2.1 கிலோ. குறைந்தது 2.5 இருக்க வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் 2015-16இல் 44.4 சதவீதம், 2019-21இல் 48.3. நூற்றெண்பது நாள் மாத்திரை, கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி அரசுத் திட்டப் பெட்டகத்தில் டானிக் என்று இவ்வளவு கொடுத்தும் இந்த நிலை. குமட்டல், மலச்சிக்கல் என்று நிறுத்துபவர்களும் உண்டு. சிலர் விழுங்கிய கையோடு டீ குடிக்கிறார்கள், சிலர் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே போடுகிறார்கள். இரண்டுமே இரும்பை உடலில் சேரவிடாது. மாதுளையில் இருப்பது நிறம்தான், இரும்பு சொற்பம். கீரை நல்லதுதான், ஆனால் ஒரு பிரசவத்துக்குச் சுமார் ஆயிரம் மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படும்போது கீரையை மட்டும் நம்பி உட்கார முடியாது.

என் யோசனை ஒன்றுதான். அங்கன்வாடி மூலம் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்களே, கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சாதத்தோடு? மாமியார், அம்மா எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது அன்றைக்குத்தான். விருந்தினர் பேச்சைக் குறைத்துவிட்டு, மாத்திரை கொடுத்துப் பேரன் பேத்தி எடுத்த மாமியார் ஒருவரிடம் மைக்கைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருமுறை செய்து பார்த்தோம். "எம் மருமவ ஒரு நாள் விடாம தின்னா. பேரன் மூணு கிலோ, சுகப்பிரசவம்" என்றார் அந்தம்மா. அடுத்த வாரம் மூன்று மாமியார்கள் தாங்களாகவே வந்து மாத்திரை கேட்டார்கள். நாலாவது அம்மா மட்டும், "அவ மருமவளுக்கு இடுப்பு அகலம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.